கழற்றாத தொப்பி

மன்னர் எதிரிலும் தொப்பியைக் கழற்ற வேண்டியதில்லை என்பது அந்த ஸ்பானியப் பிரபுக் குடும்பத்துக்குக் கிடைத்த உரிமை. மன்னருக்கே கழற்றாததை வேறு யாருக்குக் கழற்றுவது என்று வீட்டிலும் போட்டுக்கொண்டே இருந்தார்கள். முதல் பிரபுவின் சின்னத் தலைக்குத் தைத்த அதே தொப்பிதான் தலைமுறை தலைமுறையாக மூத்த மகனுக்கு வந்தது. கூடத்து ஓவியங்களில் முதல் பிரபு மட்டும் சிரித்துக்கொண்டிருப்பார். மற்ற எட்டுப் பேரின் புருவங்களும் நெரிந்திருக்கும். வம்சத்தின் வீரம் என்று அதை ஊரே புகழ்ந்தது.

அப்பா இறந்த மறுவாரம், ஐம்பது வயது கஸ்பார் முதன்முறையாக அந்தத் தொப்பியை அணிந்து ஓவியர் முன் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் ஓவியர் தூரிகையைத் தாழ்த்தினார்.

"எம்மேல கோபமா, பிரபு?"

"இல்லையே. ஏன் கேக்கறீங்க?"

"முறைக்கிறீங்களே."

கஸ்பார் தொப்பியைக் கழற்றினார். நெற்றியில் சிவப்பாக ஒரு தடம். எழுந்து, இத்தனை வருஷமாகப் பயந்து நிமிர்ந்தே பார்த்திராத அப்பாவின் ஓவியத்துக்கு எதிரே போய் நின்றார்.

"உங்களுக்கும் வலிச்சுதாப்பா?"