வீண் நடை

பனியன் கம்பெனியில் யார் எங்கே நடந்தாலும் சுவரிலிருந்த பெரிய வரைபடத்தில் அவர் பெயரில் ஒரு கோடு விழும். வீண் நடை என்றால் சிவப்புக் கோடு. தண்ணீரும் சாப்பாடும் இருக்கைக்கே வரத் தொடங்கிய பிறகு, கடைசி மேசையில் சட்டைகளைச் சோதிக்கும் தமயந்தியிடம் வந்து பேச யாருக்கும் காரணமில்லாமல் போனது.

ஒரே ஒரு நடைக்குத்தான் இன்னும் அனுமதி இருந்தது. தையல் கோணினால், தைத்தவரே வந்து சட்டையைத் திரும்ப வாங்கிப் போக வேண்டும்.

"ஏனுங்கக்கா, இன்னிக்கும் பாக்கெட் கோணிப்போச்சுங்களா?" என்று சிரித்துக்கொண்டே வந்தாள் நூர்ஜஹான். பன்னிரண்டு வருடம் கோணாமல் தைத்தவள்.

"வேணும்னே தைக்கிறயா கண்ணு? இதோட ரெண்டாச்சு. மூணாவதும் விழுந்தா உன்னை நிறுத்திப்போடுவாங்க."

"அது கெடக்குது. உங்க மருமகளுக்கு என்ன கொழந்தைன்னு சொல்லுங்க."

"பொண்ணு. மூக்கு அப்படியே என்னையாட்டவே."

அதற்குள், நின்று பேசிய நேரம் கூடியதால், சுவரில் அவள் கோடு சிவக்கத் தொடங்கியது. நூர்ஜஹான் சட்டையை வாங்கிக்கொண்டு ஓடினாள்.

மறுநாள் பதினொரு மணிக்கு மூன்றாவது சட்டை வந்தது. பாக்கெட் நன்றாகவே கோணியிருந்தது. அந்தக் கோடியில் நூர்ஜஹான் அழைப்பை எதிர்பார்த்துப் பாதி எழுந்து நின்றாள். தமயந்தி அவள் பக்கம் திரும்பாமல் தையலைப் பிரித்து, தானே நேராகத் தைத்து, 'சரி' என்று முத்திரை வைத்தாள்.

அன்று சாயங்காலம் வரைபடத்தில் ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை. எல்லோரும் கை தட்டினார்கள், அவரவர் இருக்கையில் இருந்தபடியே.