ஓரத்தில் எழுதிய பெயர்

பகைநாட்டுத் திருடர்கள் கணினிகளுக்குள் புகுந்து நாட்டின் பிறப்பு, இறப்புப் பதிவுகளை அடியோடு அழித்திருந்தார்கள். அவற்றைப் புதிதாக எழுத அரசு வீடு வீடாக ஆள் அனுப்பியது.

"பிள்ளைங்க எத்தனைக்கா?" என்று கேட்டாள், படிவத்தோடு வந்த நூர்ஜஹான்.

"ரெண்டு," என்றாள் பவளக்கொடி. "பையன் பள்ளிக்கூடம் போயிருக்கான். பொண்ணு, பொறந்த எட்டாம் நாளே சாமிகிட்ட போயிட்டா."

"உசுரோட இருக்கறவங்களத்தான் எழுதச் சொல்லியிருக்காங்கக்கா."

"தெரியும்மா. அவளை ஒரு போட்டோகூட எடுக்கல. பொறப்புச் சான்றிதழ்லதான் பேரு இருந்துச்சு. அப்பப்ப போன்ல கவர்மென்ட் சைட்ல எடுத்துப் பார்ப்பேன். இப்ப அதுவும் வரல."

படிவத்தில் இறந்தவர்களுக்கு இடமில்லை.

"பேரு சொல்லுங்கக்கா."

"பூவிழி."

நூர்ஜஹான் அதை ஓரத்தில் நிதானமாக எழுதினாள். ஓரத்தில் எழுதுவதை, படிவங்களைக் கணினியில் ஏற்றும் இயந்திரம் படிக்காது. அது இருவருக்கும் தெரியும்.

"சரியா இருக்கா, பாருங்க."

பவளக்கொடி வாங்கிப் படித்தாள். திருப்பிக் கொடுக்க வெகுநேரமானது. நூர்ஜஹான் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.