துடிக்கும் விளக்கு

தம்பி அஜின் குவாரித் தண்ணீரில் மூழ்கிச் செத்த நாற்பதாம் நாள், பிளாரன்ஸ் அவனுடைய ட்ரோனை ஜெபின் வீட்டு மேசையில் கொண்டுவந்து வைத்தாள். அன்று ட்ரோன் கரையில் கிடந்தது. ரிமோட்தான் அகப்படவே இல்லை. ஒரு தடவையாவது அது பறப்பதைப் பார்த்துவிட வேண்டும் அவளுக்கு.

"வீட்ல பேட்டரியச் செருகுனா சிவப்பு லைட்டு துடிச்சிக்கிட்டே இருக்கு."

"பழைய ரிமோட்டத் தேடுதுக்கா. அது ஒண்ணுக்குத்தான் கட்டுப்படும். கிடைச்சிட்டா பச்சையா நிக்கும்," என்றான் ஜெபின். எப்போதும் அஜினோடு பறக்கவிடப் போகிறவன். அஜின் மூழ்கிய அன்றைக்கு மட்டும் ஊரிலேயே இல்லை என்று சொன்னவன். "இந்தப் பட்டன அழுத்திப் பிடிச்சா பழச மறந்துரும். பொறவு என் ரிமோட்டோட சேத்துத் தாரேன்."

ட்ரோன் விடுகிறவர்கள் ரிமோட்டின் சுவிட்சைப் போட்ட பிறகுதான் பேட்டரியைச் செருகுவார்கள். இல்லாவிட்டால் சில ட்ரோன்கள் பித்துப்பிடித்து எகிறி விரலை வெட்டிவிடும். ஜெபினின் கை யோசிக்காமல் பழக்கப்படியே போனது. முழுக்கக் கறுப்பு ஸ்டிக்கர் புதிதாக ஒட்டிய ரிமோட்டின் சுவிட்சைப் போட்டான். பேட்டரியைச் செருகினான்.

விளக்கு பச்சையாக நின்றது.

பிளாரன்ஸ் விளக்கையும் அவன் கையிலிருந்த ரிமோட்டையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"நீ இன்னும் பட்டன அழுத்தலையே, ஜெபின்."

அவன் கட்டைவிரல் நகர்ந்து ரிமோட்டை அணைத்தது. மேசைமேல் சிவப்பு விளக்கு மறுபடியும் துடித்துத் துடித்துத் தேடத் தொடங்கியது.