மூன்று மாடி, இரண்டு நிறுத்தம்

“எக்கோ ஸ்கேன்ல, இதய வால்வு மேல கால்சியம் படிஞ்சிருக்கு சார். வால்வு நல்லாத்தான் வேலை செய்யுது. ஆனா அங்க படிஞ்சிருந்தா, இதயத்துக்கு ரத்தம் போற குழாய்லயும் அடைப்பு இருக்கலாம். ஆஞ்சியோ பார்த்துடலாம்,” என்றார் டாக்டர்.

ஓய்வுபெற்ற தீயணைப்பு அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். “எங்க பரம்பரையில நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு யாரும் படுத்ததில்ல.”

“படியேறினா மூச்சு வாங்குதா?”

“எனக்கா? லிஃப்ட் இல்லாத மூணாவது மாடியில குடியிருக்கேன். இவதான் மாடிக்கு மாடி முட்டி வலிக்குதுன்னு உட்கார்ந்துடுவா. நான் நின்னு கூட்டிட்டுப் போவேன்.”

டாக்டர் அவர் மனைவியிடம் திரும்பினார். “முட்டிக்கு மருந்து சாப்பிடுறீங்களாம்மா?”

“எதுக்கு டாக்டர்? தனியா வந்தா நிக்காம ஏறிடுவேன்.” அவள் கைப்பையின் வாரைத் திருகினாள். “இவருக்கு மூச்சு வாங்கும்போதுதான் எனக்கு முட்டி வலிக்கும். இவரை உட்காருங்கன்னா கேட்கமாட்டார். நான் உட்கார்ந்தா நிப்பார்.”

அதிகாரி மனைவியின் பக்கம் திரும்பினார்.

“எத்தனை நாளா?”

“ரெண்டு வருஷமா.”

அதிகாரி எழுந்து நின்றார். “ஆஞ்சியோ எந்த மாடியில டாக்டர்?”

“ரெண்டாவது.”

“லிஃப்ட் இருக்கில்ல? இவளுக்கு முட்டி வலிக்கும்.”