முடியாது என்ற கால்குலேட்டர்

காட்டு மருத்துவமனையில் அணிலுக்கு அன்றுதான் முதல் நாள் வேலை. வயிற்றுவலியோடு மூன்று ஆட்டுக்குட்டிகள் வந்திருந்தன. மூவரின் சராசரி எடை எத்தனை கிலோவோ, ஆளுக்கு அத்தனை சொட்டு மருந்து கொடுக்க வேண்டும்.

குட்டிகளின் கழுத்தில் பெயர், நிறம், எடை எழுதிய சீட்டு தொங்கியது. அணில் மூன்று சீட்டையும் அப்படியே கால்குலேட்டரிடம் நீட்டியது.

"முடியாது. செவலையையும் கறுப்பையும் எப்படிம்மா கூட்டுறது?" என்றது கால்குலேட்டர்.

மூன்று முறை கேட்டும் அதே பதில். அணிலுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கால்குலேட்டரின் மண்டையில் ஒரு தட்டு தட்டிவிட்டுக் காக்கையிடம் போனது.

காக்கை யாருக்கும் இல்லை என்று சொல்லாத ஆள். சீட்டுகளில் இருந்த 9, 12, 15 என்ற எடைகளை ஒட்டி ஒட்டி எழுதி 91215 ஆக்கியது. அதை மூன்றால் வகுத்து, "முப்பதாயிரத்து நானூற்றி அஞ்சு சொட்டு" என்றது.

அணில் குஷியாக மருந்தைக் குடத்தோடு தூக்கி வந்தது. மூன்றில் சின்னக் குட்டி குடத்தை எட்டிப் பார்த்தது.

"இத்தனையும் எனக்கா, அக்கா?"

அணில் குட்டியைப் பார்த்தது, குடத்தைப் பார்த்தது. குடத்தை வைத்துவிட்டுக் கால்குலேட்டரிடம் ஓடியது.

"பேரும் நிறமும் எனக்கு வேணாம். எடையை மட்டும் ஒவ்வொண்ணாச் சொல்லு, கூட்டுறேன்" என்றது அது. வந்த விடை பன்னிரண்டு.

மாலையில் குட்டிகள் துள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போயின. அணில் கால்குலேட்டரைத் துடைத்தது, தட்டிய இடத்தில் மட்டும் கொஞ்சம் அதிக நேரம்.

"ஒரு கணக்குக்கா இவ்வளவு உபசாரம்?"

"கணக்குக்கு இல்லண்ணே. மூணு தடவை முடியாதுன்னு சொன்னீங்களே, அதுக்கு."