கடலைக்காட்டு வேடியப்பன்

“என்ன சென்னப்பா, இன்னைக்கு சண்டைக்கு வரலையா?” என்றார் மதியழகன்.

வரப்பில் குந்தியிருந்த சென்னப்பன் எழுந்திருக்கக்கூட இல்லை.

போன மாதம் இதே இடத்தில் கையெடுத்துக் கும்பிட்டு நின்ற ஆள்தான். “கடலை இப்பத்தான் மொளைச்சிருக்குதுங்க. கொஞ்சம் வரப்பு மேல சுத்திப் போயிடுங்க சார்.”

மதியழகனா கேட்பார்? “இது ராஜா காலத்துப் பெருவழிப்பா. படை போன பாதை. அது மேல நீ கடலை போட்டா, நானா பொறுப்பு?” என்று சொல்லிவிட்டு, பின்னால் வந்த அத்தனை பேரையும் கடலைக்காட்டுக்குள்ளேயே நடத்திக் கூட்டிப் போனார். முளையெல்லாம் ஷூவுக்கடியில் போச்சு. சென்னப்பன் மறுபடி விதை வாங்கிப் போட்டார். இப்போதுதான் பச்சை தெரிகிறது.

மதியழகன் ரிட்டயரான பேங்க் மேனேஜர். லீவில் நடக்க ஆசைப்படும் சென்னைக்காரர்களை மாதாமாதம் பொம்மிடியில் ரயிலிறக்கி, பழைய பெருவழியிலேயே அரூர் வரைக்கும் நடத்திப் போவார். பைகள் வேனில் வரும். வரலாற்றை மட்டும் அவர் சுமப்பார்.

இன்றைக்கும் காட்டுக்குள் காலை வைக்கப் போனவர், சட்டென்று நின்றார்.

பாதையை மறித்து ஒரு கல் நின்றது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, தலையில் அரளிப்பூ.

“இது எப்ப வந்துச்சு?”

“பழைய கல்லுங்க. எங்க பாட்டன் காலத்துல இருந்து எங்ககிட்டதான் இருக்குது.”

மதியழகனுக்குக் குரலே மாறிவிட்டது. “நடுகல்! சண்டையில செத்த வீரனுக்கு நட்டது. இந்தப் பக்கம் வேடியப்பன்னு சாமியா கும்பிடுவாங்க.”

“உருவம் ஒண்ணும் காணோமே சார்?” என்றாள் கூட வந்த பெண்.

“மழையில தேஞ்சிருக்கும்மா. எவ்ளோ வழவழன்னு இருக்கு பாரு. ஆயிரம் வருஷமாவது இருக்கும்.”

ஷூவைக் கழற்றினார். தொப்பியை எடுத்துக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கும்பிட்டார். போட்டோ எடுத்துக்கொண்டார்.

“யாரும் உள்ள கால் வைக்கக் கூடாது. புனிதமான மண்ணு. எல்லாரும் வரப்பு மேல சுத்தி வாங்க.”

எல்லோரும் வரிசையாக, பயபக்தியோடு சுத்திப் போனார்கள். ஒரு செடிகூட மிதிபடவில்லை.

புளியமரம் தாண்டித்தான் தொப்பி ஞாபகம் வந்தது. தனியாகத் திரும்பி வந்தார்.

சென்னப்பனின் மனைவி நஞ்சம்மாள் கல்லைச் சாய்த்துப் போட்டு, குடத்துத் தண்ணீரை ஊற்றி மஞ்சளைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, சாமிக் கல்லை என்ன பண்றே?”

“கொழம்புக்கு மொளகா அரைக்கணுங்க. நீங்க வருவீங்கன்னு காலையில இருந்து அம்மிய இங்கயே நட்டு வெச்சிருந்தோம், வூட்ல ஒரு வேலையும் ஓடல.”

“அப்ப என்னை ஏமாத்தினீங்களா?”

நஞ்சம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு தொப்பியை எடுத்துக் கொடுத்தாள்.

“போன மாசம் எங்கூட்டுக்காரரு உங்களக் கும்புட்டாரு, கடலை போச்சு. இன்னைக்கு நீங்க எங்க அம்மியக் கும்புட்டீங்க, கடலை நிக்குதுங்க.”