காணாமல் போகும் நம்பர்கள்

"இன்னிக்கும் மூணு கண்டெய்னர் நம்பரைக் காணோம். இன்னொரு தபா இப்டி ஆச்சு, நீ வூட்லயே இருந்துக்கோ," என்றார் தண்டையார்பேட்டை குடோன் மேலாளர் பக்தவச்சலம்.

"எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டுத்தான் சார் மூடினேன்," என்றாள் நம்பர்களைப் பதியும் ஜஸீமா.

கம்ப்யூட்டரைச் சரிபார்க்க வந்த மாயா நிமிர்ந்தாள்.

"ஒரே ஃபைலை ரெண்டு பேர் தொறந்து வெச்சிகினு கீறீங்க. கடைசியா சேவ் பண்றவங்களோடதுதான் நிக்கும். நடுவுல இவங்க ஏத்தினது அழிஞ்சிடும். இனிமே ஒருத்தர் மூடினாத்தான் அடுத்தவங்களுக்குத் தொறக்கும். சரி பண்ணிட்டேன்."

"யாரும்மா அந்த இன்னொரு ஆளு?"

"உங்க ரூம் கம்ப்யூட்டர் சார். தெனம் சாயங்காலம்."

பக்தவச்சலம் கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் எதையும் எழுதலியேம்மா. இந்தப் பொண்ணு ஒழுங்கா ஏத்துதான்னு பாத்துட்டு, பத்திரமா சேவ் பண்ணித்தானே மூடுறேன்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜஸீமா பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு வந்துடும்மா," என்றார் மெதுவாக.

ஜஸீமா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.